கிக், பேஸ், பேடில் ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர்: எத்தனை ஹெர்ட்ஸ் வைப்பது?

ராத்திரி_லூப்

128 பிபிஎம், எஃப் மைனர், டெக்னோ ட்ராக். மூணு இடத்துல ஃப்ரீக்வென்சி ஷிஃப்டர் (எல்லா அலைவரிசையையும் ஒரே ஹெர்ட்ஸ் அளவு நகர்த்துற எஃபெக்ட்) போட்டிருக்கேன். மூணுலயும் ஒவ்வொரு சிக்கல்.

கிக்: +5 ஹெர்ட்ஸ், 100% வெட் (மூலச் சத்தம் கலக்காம எஃபெக்ட் மட்டும்). ஒரே சாம்பிள், ஒரே வெலாசிட்டி. ஆனா ஒவ்வொரு அடியும் வேற மாதிரி விழுது. ஒண்ணு நெஞ்சுல இடிக்குது, அடுத்தது சப்பையா இருக்கு. மூணு அடிக்கு ஒருமுறை கிட்டத்தட்ட பழைய அடி திரும்ப வருது. லிமிட்டர் மீட்டரும் அதே கணக்குல ஏறி இறங்குது.

பேஸ்: சா வேவ் (ரம்பப் பல் வடிவ அலை), எஃப்1, ஏ-ஃப்ளாட்1, சி2 நோட்டுகள். +20 வெச்சா அந்த உலோகச் சத்தம் பிரமாதமா வருது, ஆனா ட்யூன்ல நிக்கல. சிந்த்தைக் கீழ இறக்கிச் சரி பண்ணினா ஒரு நோட்டு சேருது, அடுத்தது சேரல.

பேட் (நீளமா ஒலிக்கிற பின்னணிச் சத்தம்): இடது +0.4, வலது −0.4. ஹெட்போன்ல நல்ல அகலம். மோனோவுக்கு மாத்தினா அடங்கி அடங்கி வருது, நடுவுல மொத்தமா காணாமப் போயிடுது.

பிட்ச் ஷிஃப்டர் போடச் சொல்லாதீங்க, அந்தச் சத்தம் வேண்டாம். எத்தனை ஹெர்ட்ஸ் வைக்கிறதுன்னு கணக்கு ஏதாவது இருக்கா, இல்ல காதை நம்பித் திருகிட்டே இருக்க வேண்டியதுதானா?

---

சைட்பேண்ட்

கணக்கு இருக்கிறது. மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான்: ஷிஃப்டர் பெருக்குவதில்லை, கூட்டுகிறது. 110, 220, 330, 440 என்று போகும் ஹார்மோனிக் வரிசைக்கு +30 கொடுத்தால் 140, 250, 360, 470 ஆகும். அதே 140-க்கு பிட்ச் ஷிஃப்டர் கொண்டுபோயிருந்தால் 140, 280, 420, 560. முதல் வரிசையில் முழு எண் விகிதம் உடைந்துவிட்டது, அதனால்தான் மணியோசை போலக் கேட்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 30 ஹெர்ட்ஸ், 110-இல் நாலு செமிடோனுக்கும் மேல். 3300-இல் வெறும் 16 சென்ட் (நூறு சென்ட் ஒரு செமிடோன்). கீழே பூகம்பம், மேலே ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

முதலில் கிக். ஷிஃப்டருக்குள் ஒரு ஆஸிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. உங்கள் கிக் வரும்போதெல்லாம் அது நின்று, சுழியிலிருந்து தொடங்குவதில்லை. 128 பிபிஎம்மில் ஒரு பீட் 0.46875 நொடி. 5 ஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் அதற்குள் 2.34 சுற்று சுற்றிவிடும். முழுச் சுற்று போக மிச்சம் 0.34, அதாவது 124 டிகிரி. ஒவ்வொரு கிக்கும் முந்தையதைவிட 124 டிகிரி திரும்பிய அலைவடிவத்தோடு வெளியே வருகிறது. மூன்று அடியில் 371 டிகிரி. அதனால்தான் மூன்றுக்கு ஒருமுறை பழைய அடி திரும்புகிறது. காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

ஷிஃப்ட் அளவு பீட் வேகத்தின் முழு மடங்காக இருந்தால் இது நடக்காது. 128-ஐ 60-ஆல் வகுத்தால் 2.1333. இதன் இருமடங்கு 4.2667, மும்மடங்கு 6.4. இதில் 6.4-ஐ எடுங்கள், குமிழில் சரியாக வைக்கக்கூடிய எண் அதுதான். 4.27 என்று வைத்தால் அடிக்கு அரை டிகிரி கசியும். 160 அடியில் கால் சுற்று விலகிவிடும். நீண்ட ட்ராக்கில் அது தெரியும்.

கிக்கின் வால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தால் +6.4-க்குப் பதில் −6.4 வையுங்கள். 43.6 கிடைக்கும். எஃப்1 என்பது 43.65. கிக் உங்கள் கீயிலேயே உட்கார்ந்துவிடும், மேலே இருக்கும் க்ளிக் நகராது.

இதற்குப் பிறகும் ஒரு விஷயம் பாக்கி. எல்லா அடியும் ஒன்றுபோல வரும், ஆனால் *எந்த* ஃபேஸில் (அலைச் சுற்றின் எந்த இடத்தில்) ஒன்றுபோல என்பது ப்ளே பட்டனை அழுத்திய நேரத்தைப் பொறுத்தது. பல பிளகின்களில் ஆஸிலேட்டர் தன்போக்கில் ஓடும். ஆகவே 5 ஹெர்ட்ஸிலேயே எட்டுப் பத்து அடிகளை ஆடியோவாக ரெண்டர் செய்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, முதல் அரைச் சுற்று ஓங்கி எழும் அடியை வெட்டி சாம்ப்ளரில் போடுவதுதான் பாதுகாப்பு. அப்படிச் செய்தால் முழு மடங்குக் கணக்கே தேவையில்லை. கிக்குக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

பேஸ். +20 கொடுத்தபோது எஃப்1 63.65 ஆனது, ஏ-ஃப்ளாட்1 71.91 ஆனது. மூன்று செமிடோன் இடைவெளி இரண்டு சொச்சமாகச் சுருங்கிவிட்டது. எஃப்பிலிருந்து சி வரை ஏழு இருக்க வேண்டியது ஐந்தாகிவிட்டது. சிந்த்தை எவ்வளவு ட்யூன் செய்தாலும் இது சேராது. ஷிஃப்ட் ஒரே எண்ணாக நிற்கும்வரை ஒரு நோட்டு மட்டுமே சேரும். நோட்டோடு ஷிஃப்டும் நகர வேண்டும், அதுவும் அடிப்படை அலைவரிசையின் எளிய பின்னமாக.

சிறந்த பின்னம் −½. எஃப்2-இல், அதாவது 87.31-இல் வாசித்து −43.65 கொடுத்தால் வெளியே வருவது 43.65, 130.96, 218.27… 1, 3, 5 என்று ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் மட்டும், ஒரு ஆக்டேவ் கீழே. ஸ்கொயர் வேவின் உறவுக்காரன். ஆனால் சா வேவின் அளவுகள் அப்படியே இருப்பதால் ஸ்கொயரைவிடக் கூர்மை அதிகம்: மூன்றாவது ஹார்மோனிக் ஸ்கொயரில் மூன்றில் ஒரு பங்கு, இதில் பாதி. உங்கள் மிடி நோட்டுகளை ஒரு ஆக்டேவ் மேலே ஏற்றிவிட்டு, ஷிஃப்ட் அளவு நோட்டுக்கு நோட்டு தானாக மாற இப்படி ஆட்டோமேஷன் வரையுங்கள்:

எஃப்2 → −43.65
ஏ-ஃப்ளாட்2 → −51.91
சி3 → −65.41
ஈ-ஃப்ளாட்3 → −77.78

ஒரு ஆக்டேவ் கீழே உள்ள நோட்டின் ஹெர்ட்ஸ்தான் ஷிஃப்ட் அளவு, அதனால் எந்த நோட்டு அட்டவணையை வைத்தும் நிரப்பிக்கொள்ளலாம். +½ கொடுத்தால் 3, 5, 7 என்று அடிப்படை இல்லாமல் வரும். மெலிவாக, மூக்கால் பாடுவது போல, நடுப்பகுதிக்கு நல்லது. மூன்றில் ஒரு பங்கு வைத்தால் உலோகத்தன்மை கூடும், ஆனால் எஃப் வாசித்தாலும் காது பி-ஃப்ளாட்டை வேர் என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கும். பேஸ்லைனுக்கு ஆபத்து, ஸ்டாபுக்கு (குட்டையாக வெட்டி விழும் அடிக்கு) பரவாயில்லை.

இரண்டு இடத்தில் சறுக்கும். ஆட்டோமேஷன் படிக்கட்டாக இருக்க வேண்டும், சாய்கோடு விழுந்தால் நடுவில் ஊளையிடும். அடுத்து ரிலீஸ்: முந்தைய நோட்டின் வால் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ஷிஃப்ட் மாறினால் வால் தாறுமாறாகத் தாவும். சிந்த்தை மோனோவில் வைத்து, ரிலீஸை 30 மில்லிசெகண்டுக்குள் சுருக்குங்கள்.

---

மோனோ_செக்

கிக், பேஸ் ரெண்டும் மேல வந்தாச்சு. பேட் விஷயத்துக்கு நான் வரேன்.

+0.4-ஐயும் −0.4-ஐயும் கூட்டினா கிடைக்கிறது பழைய சத்தம், அதுமேல 0.4 ஹெர்ட்ஸ் கொசைன். கொசைன் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை சுழியைத் தொடும். அதனால 1.25 நொடிக்கு ஒருமுறை எல்லா அலைவரிசையும் சேர்ந்து அணையும். ஃபேஸர் மாதிரி அங்கங்க பள்ளம் விழுறதில்லை, முழுசா அணையும். ஒரு பக்கம் மட்டும் ஷிஃப்ட் பண்ணினாலும் தப்பிக்க முடியாது, 2.5 நொடிக்கு ஒருமுறை வரும், அவ்வளவுதான்.

சரியான வழி: ஷிஃப்ட் ஆன சத்தத்தை சைடுல (இடது-வலது வித்தியாசத்துல) மட்டும் வைக்கிறது. பேடோட மூல ட்ராக்கைத் தொடாதீங்க. இன்னொரு ரிட்டர்ன்ல (எஃபெக்ட்டுக்கான துணைச் சேனல்ல) பேடை மோனோவா அனுப்பி, 150 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் (அதுக்குக் கீழ இருக்கிறதை வெட்டுற ஃபில்டர்), அப்புறம் ஷிஃப்டர் +0.4, 100% வெட். அதுக்கு அடுத்து வலது சேனலை மட்டும் போலாரிட்டி திருப்புங்க, அதாவது அலையைத் தலைகீழாக்குங்க. ஏபிள்டன் மென்பொருள்ல யுட்டிலிட்டிங்கிற எஃபெக்ட்ல வலதுக்குத் தனியா பட்டன் இருக்கு. இப்ப இடதுல மூலம் + ஷிஃப்ட், வலதுல மூலம் − ஷிஃப்ட். மோனோவுல ரிட்டர்ன் தன்னைத்தானே அழிச்சுக்கும், மூலம் ஒரு டெசிபல்கூட குறையாம நிக்கும். லெவலை மூலத்தைவிட 6-லிருந்து 9 டெசிபல் கீழ வைங்க. அதுக்கு மேல போனா சத்தம் நடுவுல நிக்காம ரெண்டு பக்கமும் தள்ளாடும்.

சின்ன ஷிஃப்டை 50% வெட்ல வெச்சா ஃபேஸர் கிடைக்கும்னு எல்லா டுடோரியல்லயும் சொல்றாங்க. அதையும் முயற்சி பண்ணிப் பாருங்க, பேடுக்கு நல்லா இருக்கும்.

---

சைட்பேண்ட்

கடைசி வரியில் சின்ன திருத்தம். அது பிளகினைப் பொறுத்தது. ஷிஃப்டர் வேலை செய்ய உள்ளே வரும் சத்தத்தை 90 டிகிரி விலகிய இரண்டு பிரதிகளாகப் பிரிக்க வேண்டும். அனலாகிலும் பல டிஜிட்டல் ஷிஃப்டர்களிலும் இதை ஆல்-பாஸ் ஃபில்டர் சங்கிலி இரண்டை வைத்துச் செய்வார்கள். அந்தச் சங்கிலியே அலைவரிசைக்கு அலைவரிசை வேறு வேறு அளவு ஃபேஸைத் திருப்பும். மூலத்தோடு கலந்தால் ஒவ்வொரு அலைவரிசையும் வேறு வேறு நேரத்தில் அணையும், அதுதான் ஃபேஸராகக் கேட்கிறது. லீனியர்-ஃபேஸ் முறையில் (எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு தாமதித்து) செய்து, டிரை பக்கத்தின், அதாவது மூலச் சத்தத்தின், தாமதத்தையும் ஈடுகட்டிய பிளகினில் எல்லாம் ஒரே நேரத்தில் அணையும். அங்கே கிடைப்பது வெறும் ட்ரெமொலோ, சத்த அளவு ஏறி இறங்குவது மட்டும்.

அப்படிப்பட்ட பிளகினில் ஷிஃப்டருக்குப் பின்னால் 5 மில்லிசெகண்ட் டிலே போட்டு மூலத்தோடு சரிபாதி கலக்குங்கள். 200 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பள்ளங்கள் விழும். ஷிஃப்ட் +0.2 என்றால் பள்ளங்கள் ஐந்து நொடியில் 200 ஹெர்ட்ஸ் மேலேறி அடுத்த பள்ளத்தின் இடத்துக்குப் போய்ச் சேரும், திரும்பி இறங்கவே இறங்காது. குறி மாற்றினால் ஓயாமல் இறங்கும். எல்எஃப்ஓ (மெதுவாக ஏறி இறங்கும் ஆஸிலேட்டர்) வைத்த ஃப்ளாஞ்சரால் இது முடியாது. 128 பிபிஎம்மில் நான்கு பார் என்பது 7.5 நொடி, அதற்கு 0.133 ஹெர்ட்ஸ்.

---

ராத்திரி_லூப்

−½ கணக்கு அப்படியே உட்கார்ந்துடுச்சு, பேஸ் ட்யூன்ல இருக்கு. பேடும் மோனோவுல நிக்குது.

புதுசா ஒண்ணு. பேஸ் செயின்ல சாச்சுரேட்டர் (மெல்லிசா டிஸ்டார்ஷன் போடுறது), அதுக்கு அடுத்து ஷிஃப்டர். நடுப்பகுதி லேயர்ல சும்மா +100 வெச்சுப் பார்த்தேன். அனலைசர்ல சரியா 100 ஹெர்ட்ஸ்ல ஒரு கோடு. நோட்டு மாறினாலும் கோடு நகரல. ஷிஃப்டை 130 ஆக்கினா கோடு 130-க்குப் போகுது. சாச்சுரேட்டரை பைபாஸ் பண்ணினா மறையுது. பிளகின் பழுதா?

---

சோல்டர்_வாசனை

பழுதில்லை. டிசி ஆஃப்செட். மேல் பாதியையும் கீழ் பாதியையும் வேறு வேறாக நசுக்கும் சாச்சுரேட்டர் 0 ஹெர்ட்ஸில் ஒரு அளவை விட்டுவைக்கும். காதுக்குத் தெரியாது. 0 + 100 = 100 என்று ஷிஃப்டர் அதைக் காதுக்குக் கொண்டுவந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் 20–25 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் போடுங்கள், 12 டெசிபல் சரிவு போதும், கோடு போய்விடும். சாச்சுரேட்டரே இல்லாமலும் இப்படிக் கோடு தெரிந்தால் மட்டும் ஷிஃப்டரைச் சந்தேகியுங்கள். ஹார்டுவேரில் இது சகஜம், டிரிம் பாட் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

வரிசையை மாற்றி ஷிஃப்டர் முதலில், சாச்சுரேட்டர் அடுத்து என்று வைத்தால் டிசி பிரச்சினை தீரும், ஆனால் சத்தமே வேறாகிவிடும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. 140, 250, 360 என்ற வரிசையில் அடுத்தடுத்த இடைவெளி இன்னும் 110தான். சமச்சீரில்லாத டிஸ்டார்ஷன் வித்தியாச அலைவரிசைகளை உண்டாக்கும்: 250 − 140 = 110, 360 − 140 = 220. அதாவது ஷிஃப்டர் அழித்த மூலச் சுருதியை சாச்சுரேட்டர் திரும்ப எழுப்பிவிடும். பின்னக் கணக்கே இல்லாமல் +30 போன்ற எந்த எண்ணையும் வைத்துக்கொண்டு, நோட்டும் காதில் பதிய வேண்டும் என்றால் இது நல்ல குறுக்குவழி. சமச்சீரான க்ளிப்பரில் இது நடக்காது. ட்யூப், பயஸ் என்று பெயர் உள்ள மோடுகளில் நடக்கும். டிரைவை ஏற்றிக்கொண்டே அனலைசரில் 110 முளைக்கும் இடத்தைப் பாருங்கள்.

எந்த ஷிஃப்டர் என்பதற்கு ஒரு சோதனை. 1 கிலோஹெர்ட்ஸ் சைன், ஷிஃப்ட் +100, முழு வெட். 1100-இல் மட்டும் கோடு இருக்க வேண்டும். 900-இல் தெரிவது எதிர்ப்பக்கக் கசிவு, 1000-இல் தெரிவது மூலம் அப்படியே ஒழுகுவது. 90 டிகிரிக்குப் பதில் 89 இருந்தால் 900-இன் கோடு 41 டெசிபல் கீழே நிற்கும், யாருக்கும் கேட்காது. 85 ஆனால் 27 டெசிபல்தான், தனி சைனில் தெளிவாகக் கேட்கும். பிறகு அதே சோதனையை 50 ஹெர்ட்ஸ் சைன், +10 என்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஷிஃப்டர்கள் இங்கேதான் தோற்கும். ஆல்-பாஸ் சங்கிலிகள் அடிமட்டத்தில் 90 டிகிரியைப் பிடித்துக்கொள்ள முடியாமல் விட்டுவிடும். 60-உம் 40-உம் சேர்ந்து வந்து 20 ஹெர்ட்ஸில் படபடக்கும். சப் பேஸை ஷிஃப்டருக்குள் அனுப்பாமல் 100-இல் பிரித்து, கீழ்ப்பகுதிக்குத் தனி சைன் வைப்பது நல்லது என்பது இதனால்தான். அப்படிப் பிரித்தால் மேல்பகுதிக்கு உங்களுடைய பழைய +20-ஐக்கூட 30% வெட்டில் வைக்கலாம்: ட்யூனை சப் தாங்கும், உலோகம் மேலே மின்னும்.

மேல்முனையில் இன்னொன்று. 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் 20,000-க்கு +6,000 கொடுத்தால் 26,000 வராது, பாதியான 24,000 எல்லையில் மடிந்து 22,000-இல் விழும். சில நூறு ஹெர்ட்ஸுக்கு இது கவலை இல்லை, ஆயிரக்கணக்கில் போகும்போது ஓவர்சாம்ப்ளிங் உள்ள பிளகினை எடுங்கள், அல்லது முன்னால் லோ-பாஸ் வையுங்கள்.

---

மோனோ_செக்

டிரம் பக்கமும் ஒரு வார்த்தை. ஸ்னேரோட உடம்பு 180-ல இருந்தா −60 கொடுத்துப் பாருங்க. உடம்பு 120-க்கு இறங்கும், 5,000-ல இருக்கிற வயரோட சரசரப்பு 4,940 ஆகும், அதாவது அசையவே இல்ல. பிட்ச் ஷிஃப்டர்ல இறக்கினா சரசரப்பும் சேர்ந்து மழுங்கிடும். நேரத்தைத் துண்டு துண்டா வெட்டி ஒட்டுற வேலை இல்லாததால அடியோட முனையும் கலையாது. ஹை-ஹாட், வெறும் நாய்ஸ்ல மட்டும் எதிர்பார்ப்பு வேண்டாம். எல்லா அலைவரிசையும் சமமா நிறைஞ்சிருக்கிற சத்தத்தை நகர்த்தினா ஓரம் மட்டும்தான் மாறும். உலோகச் சுருதி தெரியுற சாம்பிளா இருந்தாத்தான் வித்தியாசம் கேட்கும்.

---

ராத்திரி_லூப்

டிசி போயிடுச்சு, நன்றி. கடைசியா: ப்ரேக்டவுன்ல டிலேயோட ஒவ்வொரு எதிரொலியும் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறணும். ஷிஃப்டரை டிலேக்குப் பின்னால வெச்சா எல்லா எதிரொலியும் ஒரே அளவுதான் நகருது.

---

சோல்டர்_வாசனை

ஷிஃப்டர் ஃபீட்பேக் வளையத்துக்கு *உள்ளே* இருக்க வேண்டும். பிட்விக் மென்பொருளில் டிலே+ என்ற எஃபெக்ட் உள்ளேயே ஃபீட்பேக்குக்கென்று எஃபெக்ட் வைக்கும் இடம் இருக்கிறது, அதில் போட்டால் முடிந்தது. ஏபிள்டனில் ஒரு ரிட்டர்னில் டிலே (ஃபீட்பேக் 0, 100% வெட்), ஷிஃப்டர், ஃபில்டர், லிமிட்டர் என்று அடுக்கி, அதே ரிட்டர்னின் சென்டை (சத்தத்தை ரிட்டர்னுக்கு அனுப்பும் குமிழை) அதற்கே திருப்புங்கள். அந்த சென்ட் அணைந்து கிடக்கும், ரைட்-க்ளிக் செய்து இயக்க வேண்டும். இனி சென்ட் குமிழ்தான் உங்கள் ஃபீட்பேக். எதையும் கட்டாமல் உடனே கேட்டுப் பார்க்க வல்ஹல்லா ஃப்ரீக் எக்கோ இருக்கிறது, இலவசம், இந்த வேலைக்கென்றே செய்தது.

ஏறும் வேகம் = ஷிஃப்ட் ÷ டிலே நேரம். உங்கள் டெம்போவில் டாட்டட் எட்டாவது (முக்கால் பீட்) 351.6 மில்லிசெகண்ட். ஷிஃப்ட் +3 என்றால் நொடிக்கு 8.5 ஹெர்ட்ஸ். ஃபீட்பேக் 70% என்றால் எதிரொலிக்கு 3.1 டெசிபல் குறையும். 60 டெசிபல் அடங்கப் பத்தொன்பது எதிரொலி, அதற்குள் 57 ஹெர்ட்ஸ் ஏறியிருக்கும். 440 போய் 497, இரண்டு செமிடோன் சொச்சம். ப்ரேக்டவுனுக்கு இது போதும். இதே +3-ஐ 12 மில்லிசெகண்ட் டிலேயில் வைத்தால் நொடிக்கு 250 ஹெர்ட்ஸ். அப்போது எதிரொலி என்றே தெரியாது, வளையத்தின் ஒத்ததிர்வுகள் சேர்ந்து விசிலாக ஏறிக்கொண்டே போகும்.

இறக்க நினைத்தால் வளையத்துக்குள் 100 ஹெர்ட்ஸ் ஹை-பாஸ் கட்டாயம். ஒற்றைச் சுற்றில் சுழிக்குக் கீழே போகும் அலைவரிசை மடிந்து மேலே வரும்: 50-க்கு −80 கொடுத்தால் 30. வளையத்திலோ அது மறுபடி இறங்கி, மறுபடி மடிந்து, 0-வை ஒட்டியே தங்கிக் குவியும். காதுக்குக் கேட்காது, ஆனால் லிமிட்டர் முழுதாக நசுங்கிக் கிடக்கும், ஸ்பீக்கர் கோன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். ஏற்றும்போது இதே கதை மேல்முனையில், அதற்கு 12 கிலோஹெர்ட்ஸ் லோ-பாஸ்.

ஒரு வேடிக்கை: இந்த வளையம் சாதாரண டிலேயைவிட ஊளையிடத் தயங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அலைவரிசை நகர்ந்துவிடுவதால் எதுவும் ஒரே இடத்தில் நின்று பெருக முடியாது. மேடை மைக்கில் ஃபீட்பேக்கைத் தடுக்க ஒருசில ஹெர்ட்ஸ் ஷிஃப்ட் செய்யும் முறை 1960-களிலேயே வந்தது. மான்ஃப்ரெட் ஷ்ரோடர் 1964-இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அதனால் 95% வரை துணிந்து போகலாம். 100-ஐத் தாண்டினால் மட்டும் லிமிட்டரை நம்பி இருக்க வேண்டும்.

ஏபிள்டன் முறையில் வளையத்தின் தாமதத்தோடு ஆடியோ பஃபரும் (கணினி ஒரே தடவையில் கையாளும் சாம்பிள் தொகுதியும்) சேரும். 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் 10.7 மில்லிசெகண்ட். டாட்டட் எட்டாவதில் அதைக் கழித்து 340.9 வையுங்கள், எதிரொலி பீட்டில் விழும். 12 மில்லிசெகண்ட் வளையத்துக்கு டிலேயில் மிஞ்சுவது 1.3தான். பஃபர் அளவை மாற்றினால் ஏறும் வேகமும் மாறிவிடும் என்பதால், பிடித்த டேக் கிடைத்த உடனே ரிட்டர்னை ஒரு ஆடியோ ட்ராக்கில் பதிவு செய்துவிடுங்கள். எக்ஸ்போர்ட் வரை விட்டுவைக்காதீர்கள்.